சாந்தலட்சுமி பை

பார்த்து ஆன்ட்டி, கால் பட்டுடப் போகுது. இருங்க, பையை நான் மடியிலேயே வச்சுக்கறேன். நீங்க தாராளமா உட்காருங்க. அழுக்காயிடும்னு சொல்லலை, உள்ள இரும்பு இருக்கு. உங்க பட்டுப் புடவையில பட்டா இழுத்துடும்.

கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றீங்களா? தாம்பூலப் பையைப் பார்த்ததுமே நினைச்சேன். நல்ல கெட்டித் துணி. இப்பல்லாம் யாரு இவ்வளவு கெட்டியா தர்றாங்க, சல்லடை மாதிரி ஒண்ணைக் கையில கொடுத்து அனுப்பிடறாங்க. எனக்கு அதெல்லாம் பார்த்தவுடனே தெரியும். எங்கம்மா கல்யாண மண்டபத்துல காய் நறுக்குற வேலைக்குப் போறவங்க. முகூர்த்தம் முடிஞ்சு மிச்சம் கிடக்குற பைங்க எங்க வீட்டுக்கு வந்துடும். வெங்காயம், துவைக்க வேண்டிய துணி, ரேஷன் கார்டு, எல்லாமே எங்க வீட்ல யாரோ ஒரு மாப்பிள்ளை பொண்ணு பேருக்குள்ளதான் இருக்கும்.

பஸ் நகரவே மாட்டேங்குதே. நாவலூருக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? நீங்க கேளம்பாக்கமா? அப்ப உங்களுக்கு இந்த மெட்ரோ வேலையெல்லாம் பழகியிருக்கும். நான் ஓட்டேரியிலிருந்து வர்றேன். பன்னெண்டு மணிக்குள்ள அங்க இருந்தாகணும். பன்னெண்டு மணிக்கு என் தங்கச்சி பேரைக் கூப்பிடுவாங்க. அவ அங்க இருக்கா. அவ ஷூ இங்க என் மடியில இருக்கு.

ஆமா, ஷூதான். இரும்பு இருக்கறது ஷூவுக்கு அடியில. ஐஸ் மேல சறுக்குற ஷூ. இல்ல ஆன்ட்டி, வெளிநாட்டுல இல்ல, இங்கதான். ஒரு மாலுக்குள்ள, மண்டபம் அளவுக்கு ஐஸ் போட்டு வச்சிருக்காங்க. வெளிய வேர்த்துக் கொட்டும், உள்ள போனா பல்லு கிடுகிடுன்னு அடிக்கும். நான் முதல் தடவை போனப்ப துப்பட்டாவைக் காதுல சுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மோனிஷா, என் தங்கச்சி, அரைக்கை சட்டையில அதுல சுத்திக்கிட்டிருந்தா.

அவ முதல்ல கார்ப்பரேஷன் மைதானத்துல சக்கரம் வச்ச ஷூலதான் ஓடிக்கிட்டிருந்தா. ஸ்கூல்ல கொடுத்தது. அங்கதான் நோயல் சார் அவளைப் பார்த்தார். ஐஸ்ல சொல்லிக்கொடுக்கற மாஸ்டர். பணம் வேண்டாம், காலையில மால் திறக்கறதுக்கு முன்னாடி வரட்டும்னார். வெளிநாடு போயிட்ட ஒரு பொண்ணோட ஷூவைக் கொடுத்தார். அதுதான் இது. இது போச்சுன்னா எங்களால இன்னொண்ணு வாங்க முடியாது. அதை நினைச்சு நினைச்சுத்தான் நான் எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்யறேன்.

இன்னைக்குத் தேர்வு. வடக்கே மலை ஊர்ல பெரிய முகாம் நடக்குது. தங்குறது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவங்க செலவு. இங்கேருந்து ஒரே ஒரு பொண்ணைத்தான் எடுப்பாங்க. ரித்விகான்னு ஒரு பொண்ணு, இல்லைன்னா எங்க மோனிஷா. ரெண்டு பேருக்குள்ளதான்னு சாரே சொல்லிட்டார்.

கத்தியான்னு கேட்டீங்களா? சத்தமா கேட்காதீங்க, கண்டக்டர் ஏற்கனவே ஒரு மாதிரி பார்க்கறார். கத்தி இல்ல. கத்தின்னு சொன்னா மோனிஷாவுக்குக் கோவம் வரும். எனக்கு அவ ஒரு நாள் காட்டினா. அடியில பார்த்தா ஒரே முனை இருக்காது. நடுவுல நீளமா ஒரு வாய்க்கால் மாதிரி குழிஞ்சிருக்கும். வாய்க்காலுக்கு ரெண்டு கரை. "அந்தக் கரையிலதாங்க்கா நான் நிக்கறேன், ஒரு நேரத்துல ஒரு கரையில"ன்னா. நகத்தைக் குறுக்கால வச்சு இழுத்தா மாவு மாதிரி நகம் உதிரணுமாம். அப்பதான் கரை சரியா இருக்குன்னு அர்த்தம். இழுத்தும் காட்டினா. எனக்கு உடம்பு கூசிடுச்சு.

நான் சொல்ல வந்தது பையைப் பத்தி. உங்களுக்கு போரடிக்கலையே? பேசிக்கிட்டே இருந்தா கொஞ்சம் படபடப்பு குறையுது, அதான்.

மோனிஷா இந்த ஷூவைத் தாம்பூலப் பையிலதான் கொண்டுபோய்க்கிட்டிருந்தா. மஞ்சள் பை. ஒரு பக்கம் பிள்ளையார், அடுத்த பக்கம் "விக்னேஷ்வரன் – சாந்தலட்சுமி". அங்க வர்ற மத்த பிள்ளைங்க பையெல்லாம் நீங்க பார்க்கணும். ஷூ மாதிரியே முக்கோணமா தைச்சு, ஜிப் வச்சு, பேரு எம்பிராய்டரி போட்டு. நடுவுல இவ மஞ்சள் பையைத் தூக்கிக்கிட்டுப் போய் நின்னா என்ன ஆகும்? அவளுக்கு சாந்தலட்சுமின்னு பேரு வச்சுட்டாங்க. "சாந்தலட்சுமி வந்தாச்சா?" "சாந்தலட்சுமி, வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" இவளும் வெட்கமே இல்லாம, "அவர் துபாய் போயிருக்கார், பெட்டி நிறைய சாக்லேட்டோட வருவார்"னு பதில் சொல்லுவா. எல்லாரும் சிரிப்பாங்க. ஒரு நாள் நோயல் சாரே மைக்ல, "சாந்தலட்சுமி, ஐஸுக்கு வாம்மா"ன்னு கூப்பிட்டார்.

மோனிஷா சிரிச்சா. ஆனா உள்ளுக்குள்ள அவளுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். நான் அக்கா இல்லையா? அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லாததுலயே தெரிஞ்சுக்கிட்டேன்.

ரித்விகா அம்மா என் பக்கத்துலதான் உட்காருவாங்க. நல்லாத்தான் பேசுவாங்க. ஒரு தடவை தைரியமா, "மேடம், இந்த மாதிரி பை எங்க கிடைக்கும்?"னு கேட்டுட்டேன். "ஓ, இது இங்க கிடைக்காதும்மா. நீங்க அந்த மஞ்சள் பையே வச்சுக்கோங்க, ரொம்ப க்யூட்டா இருக்கு"ன்னாங்க. க்யூட்டாம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கலை. இனிமே அந்த இடத்துல யார்கிட்டயும் எதையும் கேட்கறதில்லைன்னு முடிவு பண்ணேன்.

எங்க வீட்ல முதல் பட்டதாரி நான், ஆன்ட்டி. பேச்சுக்குச் சொல்லலை, தாசில்தார் கையெழுத்து போட்ட சான்றிதழே இருக்கு. அதை வாங்கினதிலேர்ந்து வீட்ல எது வந்தாலும் என்கிட்டதான் வரும். கேஸ் புக்கிங்கா, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டா, "பிருந்தாகிட்ட கொடு, அவ படிச்சவ". நான் பி.காம். ரத்தத்துல என்ன இருக்கணும், என்ன இருக்கக்கூடாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா தெரியாதுன்னு சொன்னா அம்மா முகம் போற போக்கைப் பார்க்க முடியாது. அதனால நானே தேடிப் படிச்சு, சரிபார்த்துச் சொல்லிடுவேன். ஆபீஸ்லயும் அதே வேலைதான் எனக்கு. இன்ஷூரன்ஸ் பேப்பர் சரிபார்க்கறது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கண்டுபிடிச்சுடுவேன். எங்க டீம் லீடர், "பிருந்தா பார்த்துட்டான்னா இன்னொரு தடவை பார்க்க வேண்டியதில்லை"ம்பார்.

அட, கொஞ்சம் நகர்ந்துச்சு. நகர்ந்து நின்னுடுச்சு.

பை தேடின கதை. அலைஞ்ச அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்ல. நல்லா ஸ்டைலா இருக்கணும், எங்களுக்குக் கட்டுப்படியாகணும். ரெண்டும் சேர்ந்து ஒரு பையில வராதாம். ஆன்லைன்ல பார்த்தா நல்லதெல்லாம் என் பாதிச் சம்பளம். மலிவா இருக்கறதைப் பார்த்தா மீன் வாங்கப் போற பை மாதிரி இருக்கு. தி.நகர்ல ஒரு கடையில பேட்மிண்டன் பையைக் காட்டினாங்க, ஷூ உள்ள போகுது, ஜிப் மூடலை. இன்னொரு கடையில யோகா பாய் சுருட்டற பை. அதுல ஷூ ஒண்ணுக்குமேல ஒண்ணு நின்னுச்சு. பரதநாட்டியச் சலங்கை வைக்கற வெல்வெட் பை ஒண்ணு அவ்வளவு அழகு, ஆனா இரும்பு ஒரே நாள்ல கிழிச்சுடும். அளவுக்காக ரெண்டு ஷூவையும் கூடவே தூக்கிட்டுப் போவேன். எடுத்துக் காட்டினா கடைப் பையன், "என்னக்கா, கறிக்கடை வச்சிருக்கீங்களா?"ங்கறான். ஒரு கடையில போலீஸைக் கூப்பிடாத குறை.

கடைசியில பாரிமுனையில ஒரு சந்து. ஏற்றுமதியில மிஞ்சின சாமானெல்லாம் குவிச்சு வச்சிருப்பாங்களே, அங்க. மேல தொங்கிக்கிட்டிருந்துச்சு. இதேதான். பாருங்களேன், நல்ல சாம்பல் நிறம், ரோஜா நிற ஜிப், ஓரத்துல வெள்ளிக் கோடு. ரித்விகா பையை விட நல்லா இருக்கா இல்லையா? சொல்லுங்க. அதான். இது என்ன பைன்னு அந்தக் கடைக்காரருக்கே தெரியலை. ஆனா ஷூவை வச்சதும் கச்சிதமா உட்கார்ந்துச்சு, அதுக்குன்னே தைச்ச மாதிரி. விலையும் நம்ம விலை. பர்ஸைக் கையில எடுத்துட்டேன்.

ஆனா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடியில வரிசையா ஓட்டை இருந்துச்சு, சுத்தி இரும்பு வளையம் போட்டு. "இது என்னங்க ஓட்டை?"ன்னேன். "காத்து போறதுக்கும்மா"ன்னார். ஓட்டையை விக்கறதுக்கு என்னமா பேசறாங்க பாருங்க! ஓட்டை இருந்தா தூசி போகும், பஸ்ல தரையில வச்சா சேறு போகும். அதுக்கும் நான் ஒரு வழி பண்ணேன். புதுப் பைக்குள்ள ஒரு பிளாஸ்டிக் உறை இருந்துச்சு, வெளியேயும் ஒண்ணு. ரெண்டையும் நான் பிரிக்கவே இல்லை. இதோ, இன்னும் இருக்கு பாருங்க. எங்க வீட்டு டி.வி. ரிமோட்ல கூட உறையைப் பிரிக்கலை, நாலு வருஷமா புதுசா இருக்கு. மோனிஷாகிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன்: "உறைக்குள்ள வச்சு, ஜிப்பை இழுத்து மூடு. திறந்து வைக்காதே, ஒரு பொட்டு தூசி பட்டாலும் என்கிட்ட வராதே."

அவ என்ன சொன்னா தெரியுமா? "இது நல்லா இருக்குக்கா, ஆனா சாந்தலட்சுமி எங்க?"ன்னா. நன்றி சொல்லத் தெரியாத வயசு.

புதன்கிழமை அவளுக்குக் கடைசிப் பயிற்சி. அதுக்கப்புறம் தேர்வுக்காக ஐஸை மறுபடி போடறாங்கன்னு மூடிட்டாங்க. அவ பையோட வந்தா, நான் வாங்கி பீரோ மேல வச்சேன். யாரும் தொடக்கூடாதுன்னேன். நேத்து மத்தியானம் அவ கூட ஆடற ஒரு பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா, மாலுக்குப் பக்கத்துலயே வீடு, காலையில ஏழு மணிக்கு எல்லாரும் சேரணுமாம். ஷூவை நான் கொண்டுவரேன்னுட்டேன். இவ பஸ்ல தரையில போட்டு மிதிப்பா, எனக்குத் தெரியும்.

நேத்து சாயங்காலம் விளக்கேத்திட்டு, ஷூவுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைக்கலாம்னு பையை இறக்கினேன். ஆயுத பூஜைக்கு வைக்கறோமே, அது மாதிரி. ஜிப்பைத் திறந்தா ஒரு வாடை. உறைக்கு உள்பக்கம் பூரா முத்து முத்தா தண்ணி, வேர்த்த மாதிரி. ஷூவை வெளிய எடுத்தேன். அடி பூரா துரு, ஆன்ட்டி. செம்மண் பூசின மாதிரி. அந்த வாய்க்கால்லதான் மோசம், நுனியிலேர்ந்து குதிகால் வரைக்கும்.

நாலு மாசம் மஞ்சள் பையில கிடந்துச்சு, ஒண்ணும் ஆகலை. புதுப் பையில நாலு நாள், துரு! நீங்களே சொல்லுங்க, இது பையோட தப்புதானே? மலிவா கிடைச்சப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். ஏதோ குறை இருந்துதானே வெளிநாட்டுக்காரன் வேண்டாம்னு தள்ளியிருப்பான்? அந்தக் கடைக்காரரை நான் சும்மா விடப் போறதில்லை. ரசீது வச்சிருக்கேன்.

சாருக்கு போன் பண்ணியிருக்கலாமேன்னா? பண்ணியிருக்கலாம். நம்பரை எடுத்துக் கையிலயும் வச்சிருந்தேன். என்னன்னு சொல்றது? நீங்க கொடுத்த ஷூவை நாலு நாள்ல துரு பிடிக்க வச்சுட்டோம்னா? அவர் ஒண்ணும் சொல்லமாட்டார். ஆனா மனசுக்குள்ள நினைப்பாருல்ல? இவங்களுக்கெல்லாம் இதை வச்சுக்கத் தெரியலைன்னு. ரித்விகா அம்மா காதுக்குப் போனா? நான் போனைக் கீழ வச்சுட்டேன். மோனிஷாவுக்காகத்தான். முந்தின நாள் அவ மனசு கலங்கக்கூடாதுல்ல?

முதல்ல நானே தேய்ச்சேன். கையில கிடைச்ச துணியில தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய் தேய்னு தேய்ச்சேன். துணி பூரா செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. அப்புறம் பார்த்தா அது அந்த சாந்தலட்சுமி பை. ஓரமெல்லாம் பிரிஞ்சு போச்சு. அதை இன்னும் மோனிஷாகிட்ட சொல்லலை.

துரு முழுசா போகலை. அப்பதான் ஞாபகம் வந்துச்சு, எங்க மார்க்கெட் முனையில சாணை பிடிக்கறவர் இருக்கார். ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்காக சனிக்கிழமை சாயங்காலம் கத்தியெல்லாம் அவர்கிட்டதான் வரும். ஒரே கூட்டம். கறிக்கடைக்காரங்க நடுவுல நான் இதைத் தூக்கிக்கிட்டு நின்னேன். அவர் வாங்கிப் பார்த்துட்டு, "இதென்னம்மா, ஷூவுக்குக் கத்தி முளைச்சிருக்கு!"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. "உங்களால முடியுமா?"ன்னேன். "கப்பல் விசிறிக்கே சாணை பிடிச்சவன்மா நான், இது என்ன பிரமாதம்"னார். முன்னாடி பல்லு பல்லா இருக்கே, அதை வழிச்சு எடுத்துடவான்னு கேட்டார். எடுக்கக்கூடாதுன்னு கண்டிப்பா சொன்னேன். குதிக்கறதுக்கு அந்தப் பல்லு வேணும், எனக்குத் தெரியும். நான் பக்கத்துல நிக்கலைன்னா பல்லையே எடுத்திருப்பார். சக்கரத்துல வச்சு, தீப்பொறி பறக்க, ரெண்டையும் பிடிச்சுக் கொடுத்தார். ஒரு பொட்டு துரு இல்லை. நான் வெளிச்சத்துல பிடிச்சு, ஒவ்வொரு அங்குலமா பார்த்துட்டுத்தான் வாங்கினேன்.

காட்டறேன், இருங்க. கண்டக்டர் பின்னாடி போயிட்டார். பார்த்தீங்களா? கண்ணாடி மாதிரி! குனிஞ்சு பாருங்க, உங்க மூக்குத்தி தெரியும். மோனிஷா பார்த்தா மலைச்சுப் போயிடுவா. துரு பிடிச்ச கதையே அவளுக்குத் தெரிய வேண்டாம். அக்கா பளபளன்னு ஆக்கி வச்சிருக்கான்னு நினைச்சுக்கட்டும்.

என்ன கேட்டீங்க?

வாய்க்காலா? இருக்கு ஆன்ட்டி. அடியில நீளமா போகும்னு சொன்னேனே. இதோ, இங்கதான்...

இருங்க.

வெளிச்சம் சரியில்லை. ஜன்னல் பக்கம் கொஞ்சம்... தேங்க்ஸ். இங்கதான் இருந்துச்சு. நேத்துகூட, துரு இருந்தப்ப, விரல் வச்சா குழி தெரிஞ்சுது. அதுக்குள்ளதானே துருவே இருந்துச்சு. துரு போகணும்னா அவர் அந்தக் குழி வரைக்கும்...

வழுவழுன்னு இருக்கு ஆன்ட்டி.

நகம். நகத்தை இழுத்துப் பார்க்கறேன். மாவு உதிரணும். இல்லை. வழுக்கிக்கிட்டுப் போகுது. இன்னொண்ணுலயும் இல்லை. ரெண்டுலயும் இல்லை. கரையே இல்லை. நான் ஒவ்வொரு அங்குலமா பார்த்தேனே! துரு இருக்கான்னுதான் பார்த்தேன். நான் துருவைத்தான் பார்த்தேன்.

இதைப் போட்டுக்கிட்டு அவ இறங்கினா என்ன ஆகும்? ஒரு காலைத் தூக்கிக்கிட்டு சுத்துவா ஆன்ட்டி, பம்பரம் மாதிரி. ஓடி வந்து குதிப்பா. நிக்கறதுக்கு எதுவும் இல்லைன்னா? எல்லார் முன்னாடியும் விழுவா. அடிபடுமே. அவளுக்கு எதுவும் தெரியாதே, அக்கா கொண்டுவந்ததுன்னு நம்பி மாட்டிக்குவாளே!

மணி என்ன? பதினொண்ணு தாண்டிடுச்சா? டிரைவர் கதவைத் திறப்பாரா? இறங்கி ஓடினாலும், கொண்டுபோய் என்ன பண்றது?

யாருக்கு போன்? சாருக்கா? என்னன்னு சொல்லுவேன் ஆன்ட்டி? நேத்து துருன்னு சொல்லியிருந்தா துரு மட்டும்தான். இப்ப கறிக்கத்தி பிடிக்கறவர்கிட்ட கொடுத்தேன்னு சொல்லணும். எனக்கு வாய் வராது. நீங்க பேசறீங்களா? இல்ல, நீங்க எப்படிப் பேசுவீங்க, உங்களுக்கு அவரைத் தெரியாதே. அங்க ரித்விகா அம்மா பக்கத்துலயே நிப்பாங்க. அவங்க அவ்வளவு பெரிய பையைத் தூக்கிக்கிட்டு...

சரி. சரி, பண்றேன். நீங்க இப்படிப் பார்க்காதீங்க, பண்றேன். இந்த ஷூவை ஒரு நிமிஷம் பிடிங்க. பயப்படாதீங்க, இப்ப அது யாரையும் வெட்டாது.

ரிங் போகுது.

சார், பிருந்தா பேசறேன். மோனிஷா அக்கா. ஆமா சார், வந்துக்கிட்டிருக்கேன், டிராஃபிக்ல... சார், ஒரு விஷயம் கேட்கணும். எனக்குத் தெரியாது சார், அதனால கேட்கறேன். ஷூ அடியில ஒரு வாய்க்கால் இருக்குமே, அது போயிடுச்சுன்னா மறுபடி போட முடியுமா? ... இல்ல சார், தேயலை. நான்தான். துரு பிடிச்சிருந்துச்சு. சாணை பிடிக்கக் கொடுத்தேன். ... மார்க்கெட்ல சார். ... கறிக்கத்தி பிடிக்கறவர்.

பல்லு போச்சான்னு கேட்கறார் ஆன்ட்டி.

சார்? ... சொல்லுங்க சார். ... இல்ல, பல்லு அப்படியே இருக்கு, பல்லைத் தொட விடலை. ... தட்டையா இருக்கு சார், பலகை மாதிரி. முனை எதுவும் வைக்கலை. ... எவ்வளவு எடுத்திருக்கார்னா, பெருசா இல்ல சார், ஒரு நகக்கனம். ... மிஷினா? அங்கயே இருக்கா? ... உங்ககிட்டயே இருக்கா சார்?

ஆன்ட்டி, அங்கயே மிஷின் இருக்காம். பின்னாடி ரூம்ல. எல்லார் ஷூவும் அவர்தான் பிடிக்கறாராம். நேத்து கொண்டுவந்திருந்தா பத்து நிமிஷ வேலையாம்.

சார், கேட்குது சார். ... முடியுமா? ... முழுசா இல்லைன்னாலும் பரவாயில்லை சார், அவ நிக்கற அளவுக்கு. ... சரி சார். அவளைக் கடைசியா கூப்பிடச் சொல்றீங்களா? ... இல்ல சார், அவங்க ஒத்துக்குவாங்களா? ... ரித்விகா அம்மாவா? ரித்விகாவை முன்னாடி அனுப்பறேன்னு அவங்களே சொன்னாங்களா? ... சரி. சரி சார். ... துடைச்சு, துணியில சுத்தி, ஒண்ணோட ஒண்ணு உரசாம. புரிஞ்சுது. ... மோனிஷாவுக்குக் கொடுங்க சார்.

மோனி. ... இல்லடி, அழலை. பஸ் சத்தம். ... சார் சொல்லிட்டாரா? ... என்னைத் திட்டு. ... சிரிக்காதடி, நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன். ... பழைய பையா? அது... அது வந்து சொல்றேன். ... கால்ல சூடா ஏதாவது சுத்திக்கோ. வந்துட்டேன். நடந்தாவது வந்துடறேன்.

வச்சுட்டா. கறிக்கடை ஷூன்னு சொல்லிச் சிரிக்கறா. அவளுக்கு எதுதான் வெட்கம்!

அந்த மேம்பாலத் தூண் தெரியுதுல்ல, அது தாண்டினா மால்தானே? இறங்கி ஓடிடுவேன். பஸ்ஸை விட நான் வேகம். துணி வேணும். என் துப்பட்டா நைலான், தண்ணியே உறியாது. ஐயோ, என்ன பண்றீங்க? வேண்டாம் ஆன்ட்டி, அது தாம்பூலம். தேங்காய், வெத்தலை, மங்களமா கொடுத்து அனுப்பியிருக்காங்க, அதைக் காலி பண்ணி... உங்க பொண்ணு மாதிரியா? அதுக்குன்னு... சரி. கொடுங்க. ஒண்ணைப் பைக்குள்ள போட்டு, பையைச் சுத்தி அடுத்ததை வச்சு... பாருங்க, உரசலை. நல்ல கெட்டித் துணி. நான் அப்பவே சொன்னேன்ல?

ஆனா சும்மா வாங்கமாட்டேன். தாம்பூலத்தை எடுத்துட்டு உங்களை வெறும் கையோட அனுப்பக்கூடாது. இந்தாங்க, இந்தப் பையை நீங்க வச்சுக்கோங்க. நிஜமாத்தான். தேங்காயை இதுல போடுங்க, வெத்தலையையும் வைங்க. பார்த்தீங்களா, கச்சிதமா இருக்கு. உங்க புடவைக்கு அந்த வெள்ளிக் கோடு எடுப்பா இருக்கும். ஷூவுக்குத்தான் ராசியில்லாத பை, தேங்காய்க்கு என்ன வந்துடப் போகுது?

அண்ணா, ஒரு நிமிஷம் கதவைத் திறங்கண்ணா! ஸ்டாப்பிங் இல்லைன்னு தெரியும்ணா, பஸ்தான் நிக்குதே!

பேரா? இருங்க, என்ன போட்டிருக்கு... "கார்த்திகேயன் – வசுமதி". வசுமதி. பரவாயில்லை, நல்ல பேரு. இன்னைக்கு அவ வசுமதி. மைக்ல கூப்பிட்டாலும் கூப்பிடட்டும்.

வர்றேன் ஆன்ட்டி. அந்தப் பையில உள்ள இருக்கற பிளாஸ்டிக்கை மட்டும் பிரிச்சுடாதீங்க. பிரிச்சீங்கன்னா அவ்வளவுதான், பை பாழாயிடும்.